முறுக்கேறிய தங்கூஸும் என் வலது கையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாகிம் கடற்கரையில் நான் வீசிய ஈயக்குண்டு மிக அழகாகப் பறந்தது. அவ்வளவு தூரம் அது அதற்கு முன்னால் போனதே இல்லை. போகாமல் என்ன செய்யும்? அதைப் பிடித்துவைத்திருக்க வேண்டிய தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு கம்பின் முதல் வளையத்திலேயே அறுந்துவிட்டது. ஈயமும், முள்ளும், முள்ளில் நான் பொறுமையாகக் கோத்திருந்த இறாலும் ஒன்றாகக் கடலுக்குள் போய் விழுந்தன. என்னிடம் மிஞ்சியது கம்பும், ரீலிலிருந்து நீட்டிக்கொண்டு காற்றில் ஆடிய ஒரு முழ நரம்பும்தான்.

பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்த என் தூண்டில் கூட்டாளி மாட்டுங்காக்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"மறுபடியும் அறுந்துடுத்தா சார்?" என்றார்.

"ஆமா சார்."

"போன வாரமும் இப்படித்தானே ஆச்சு?"

போன வாரம் என்ன ஆனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதற்கு முந்தின வாரம் என்ன ஆனது என்றும் தெரியும். அவர் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் மேல் கோபப்பட முடியாது. ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைத்ததில்லை. ஞாயிறு தவறாமல் கம்போடு வந்துவிடுவார். மாட்டுகிற மீனைப் பதமாக முள்ளிலிருந்து கழற்றி, அதனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அப்புறம் எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஆத்துல எத்தனை நாழிதான் உக்காந்திண்டிருக்கறது?" என்றார்.

எனக்கும் இந்தப் பழக்கம் மாகிமில் தொற்றிக்கொண்டதுதான். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கடலை விட்டு வெகு தூரம் உள்ளே. நான் கையில் கம்போடு கடலைப் பார்த்து நிற்கிறேன் என்று அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால், வீட்டில் ஏதோ சண்டை என்று முடிவு கட்டிவிடுவார்கள். தாராவியில் பிறந்து தாராவியிலேயே வேலை பார்க்கிறவனுக்கு மாகிம் கடல் நடந்து போகிற தூரம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறார்கள், நான் தூண்டில் போடுகிறேன். அவ்வளவுதான் விஷயம். அந்த மழைக்காலம் வரைக்கும் அவ்வளவுதான் விஷயமாக இருந்தது.

நான் ஒரு சட்டைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேஜையில் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விரிப்பார்கள். மேல் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கும். நிமிர்ந்து நிற்கிற பிளேடு உள்ள கரண்ட் மெஷினைக் கையில் பிடித்து, அந்தக் கோட்டின் மேலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நேர்கோட்டை யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள். சட்டையின் கை சேரும் இடத்தில், ஆர்ம்ஹோல் வளைவில் வரும்போதுதான் மாஸ்டர் யார் என்று தெரியும். அங்கே கை கொஞ்சம் உதறினால் கெட்டுப்போவது ஒரு சட்டை இல்லை, அடுக்கில் இருக்கிற அத்தனை சட்டையும் போய்விடும்.

அந்தக் கையைத்தான் மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டேன். பெரிய வீரதீரம் ஒன்றும் இல்லை. தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில், ஒரு கையில் கத்திரிக்காய்ப் பையும் மறு கையில் போனுமாக இறங்கினேன். வழுக்கியது. போனையும் விடவில்லை, கத்திரிக்காயையும் விடவில்லை; மணிக்கட்டை விட்டுவிட்டேன். உள்ளே ஒரு தகடு வைத்து, திருகாணி போட்டு, மேலே மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்றைக்கு டாக்டர் என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சு, வேலைக்குப் போகலாம்" என்றார். அவருக்கு என்ன, சொல்லுவார். அடுக்கி வைத்த துணி அவருடையதா?

முதலாளி நல்ல மனுஷன். உத்தரப்பிரதேசத்துக்காரர். வாராவாரம் போன் போட்டு, "மாஸ்டர், டேபிள் காலி ஹை" என்பார். மேஜை காலியாக இல்லை, தற்காலிகமாக ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்; என் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொல்லுவார். கடைசியில் அவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். வருகிற திங்கள்கிழமை தீபாவளிச் சரக்கு மேஜைக்கு வருகிறது, நான் வந்தால் நான் வெட்டலாம், வராவிட்டால் இப்போது இருப்பவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். தப்பே சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் இத்தனை நாள் பொறுத்திருக்கவே மாட்டேன்.

எனக்கு உள்ளுக்குள் பயம். அதை வீட்டில் சொல்லவும் இல்லை, வெளியில் காட்டவும் இல்லை. கட்டைப் பிரித்த வாரமே எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். தூண்டில் வீசுவதும் ஒரு வகையில் கை வேலைதான். கம்பைப் பின்னால் கொண்டுபோய், ஒரே சீராக முன்னால் கொண்டுவந்து, சரியான நொடியில் விரலிலிருந்து நரம்பை விட வேண்டும். உதறினால் கெட்டது. மாகிமில் மீன்பிடி வள்ளங்கள் கட்டியிருக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கழி தனியாக நிற்கிறது. கடல் உள்வாங்குகிற நேரத்தில் நல்ல ஆழம் அந்தக் கழிக்கு அப்பால்தான். நரம்பு அறாமல் கழியைத் தாண்டி வீசிவிட்டால் என் கை சரியாகிவிட்டது, வேலைக்குப் போகிறேன். முடியவில்லை என்றால் மரியாதையாக முதலாளியிடம் சொல்லி விலகிக்கொள்கிறேன். இதுதான் கணக்கு.

பழைய நரம்பு தடிமன். அது அத்தனை தூரம் போகாது. அதனால் மெல்லிசாக ஒரு சுருள் புதுத் தங்கூஸ் வாங்கினேன். ஆனால் அதை ரீலில் சுற்றுகிற தெம்பு அப்போது என் மணிக்கட்டுக்கு இல்லை.

"இங்கன கொண்டாங்க" என்றாள் என் மனைவி.

அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். எங்கள் வீட்டில் நூல் என்று பெயர் உள்ள எதுவும் அவள் ராஜ்யம்தான். மெஷினுக்கு அடியில் போடுகிற பாபினுக்கு நூல் சுற்றுவது போலவே இதையும் செய்தாள். தங்கூஸ் சுருளைத் தையல் மெஷினில் நூல்கண்டு மாட்டுகிற கம்பியில் சொருகினாள். சுருள் அந்தக் கம்பியில் தானாக உருண்டுகொண்டே நரம்பை விட்டது. அவள் இந்தப் பக்கம் ரீலைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு வரி தளரவில்லை, ஒரு வரி ஏறவில்லை. முடித்ததும் நான் ரீலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கடையில்கூட அப்படி ஒரு சுற்று பார்த்ததில்லை. தையல் தெரிந்த எவருக்கும் அதைப் பார்த்தால் சந்தோஷம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அடுத்த ஞாயிறு அந்தச் சந்தோஷம் முடிவுக்கு வந்தது.

வீசினதும் ரீலிலிருந்து நரம்பு ஒழுங்காகப் போகாமல் சுருள் சுருளாகத் துள்ளி வெளியே குதித்தது. ஏழெட்டுச் சுருள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பந்தாகி, முதல் வளையத்தில் போய் அடைத்துக்கொண்டது. ஈயக்குண்டு போகிற வேகத்தில் போகிறது, இங்கே நரம்பு அடைத்து நிற்கிறது. பிறகு என்ன, டப் என்று ஒரு சத்தம். அறுந்ததை விட மோசம், அறாமல் தப்பின தடவைகள். திருப்பிச் சுற்றும்போது நரம்பு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு குட்டிக் குட்டிக் கொக்கிகளாக நிற்கும். அந்தச் சிக்கை எடுக்க உட்கார்ந்தால் கடல் போய்த் திரும்பியே வந்துவிடும். என் மனைவிக்குக் கேட்காத தூரத்தில் இருந்ததால் அந்த ஞாயிறுகளில் நான் தங்கூஸைத் திட்டாத திட்டே இல்லை.

மாட்டுங்காக்காரர் உதவிக்கு வந்தார். அவர் போனில் தூண்டில் வீடியோக்களாகப் பார்க்கிறவர். அதில் எதையும் செய்து பார்க்கிற அவசரம் அவருக்குக் கிடையாது. அதற்குத்தான் நான் இருந்தேனே.

முதலில் ஸ்விவல் போடச் சொன்னார். நரம்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் கட்டுகிற, தானாகச் சுழலும் சின்னப் பித்தளைத் துண்டு. போட்டேன். ஸ்விவல் நன்றாகச் சுழன்றது; சுழன்றுகொண்டே ஈயத்தோடு கடலுக்குள் போனது. அடுத்த வாரம், வீசும்போது வருகிற வெட்டு இழுப்பைத் தாங்குவதற்கு முன்பக்கம் தடித்த நரம்பாகக் கம்பைப் போல் இரண்டு மடங்கு நீளம் சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். தடித்த நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை; அதற்குப் பின்னால் மெல்லிசு அறுந்தது. அதற்கடுத்து, வீசி முடித்ததும், நரம்பு வெளியே போவதற்காகத் திறந்து வைக்கிற ரீலின் கம்பி வளைவைக் கைப்பிடி சுற்றி மூடாதீர்கள், விரலால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றுங்கள் என்றார். செய்தேன். அதில் சிக்கு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதனால்தான் நம்பிக்கை வந்து இன்னும் வேகமாக வீசி இன்னும் ஒரு ஈயத்தைத் தொலைத்தேன்.

கடைசியாக, கம்பின் வளையங்களில் எங்காவது கீறல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். வீட்டிலிருந்து பஞ்சு கொண்டுவந்தார். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுத் திருப்பினோம். கீறல் இருந்தால் ஒரு இழையாவது பிடிக்க வேண்டும். ஒன்றும் பிடிக்கவில்லை. பஞ்சு உள்ளே போன மாதிரியே வெளியே வந்தது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் நான் முதலில் சொன்ன ஞாயிறு. மறுநாள் திங்கள்கிழமை, தீபாவளிச் சரக்கு.

ஒரு முழ நரம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன். மாட்டுங்காக்காரர் ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. நூல் பாத்தாச்சு, ஸ்விவல் பாத்தாச்சு, வளையம் பாத்தாச்சு. விடற நேரத்துல உங்க கை கொஞ்சம் உதறறதோ?"

நான் எனக்குள்ளே வைத்திருந்ததை இப்போது வேறொருவர் வாயில் கேட்டேன். "இருக்கலாம் சார்" என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. மதில் மேல் உட்கார்ந்து கம்பைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, போனை எடுத்து முதலாளியின் நம்பரைத் தேடினேன்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாகிம் மீன் மார்க்கெட்டுக்கு வருவது அவள் வழக்கம். என் தூண்டிலை நம்பி அவள் ஒருநாளும் மசாலா அரைத்ததில்லை. கையில் மீன் பை. பையில் வால் வெளியே தெரிகிற மாதிரி ஒரு கிழங்கான் கூட்டம்.

"ஏங்க, என்ன இப்படிக் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கிய?"

"ஒண்ணுமில்ல. சேட்டுக்குப் போன் பண்ணுதேன்."

"ஞாயித்துக்கெழமையா? எதுக்கு?"

"நாளைக்கு வரலேன்னு சொல்லிருவோம்னு."

அவள் பையைக் கீழே வைத்தாள். மாட்டுங்காக்காரர் சட்டென்று எழுந்து, தூரத்தில் இருந்த தன் இன்னொரு கம்பைப் பார்க்கப் போனார். அவருக்கு இன்னொரு கம்பு கிடையாது.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கழி, பரீட்சை, ஞாயிறுதோறும் அறுந்த நரம்பு, கடைசியாக அவர் கேட்ட கேள்வி. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தத்தான் செய்தாள்.

"மீன் புடிக்கதுக்கும் சட்டை வெட்டுததுக்கும் என்னய்யா சம்பந்தம்? டாக்டர் சொன்னதக் கேக்க மாட்டிய, நான் சொன்னதக் கேக்க மாட்டிய, இந்தத் தங்கூசு சொல்லுததக் கேப்பியளாக்கும்?"

"நீயே பாரு. இதுல என் கையத் தவிர வேற என்ன கோளாறு இருக்கு?" என்று ரீலை அவள் மடியில் வைத்தேன்.

அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். ரீலிலிருந்து கொஞ்சம் நரம்பை உருவினாள். இரண்டு கையாலும் ஒரு முழம் அளவுக்கு நீட்டிப் பிடித்து, கைகளை மெல்லக் கிட்டே கொண்டுவந்தாள். தொங்கின நரம்பு சும்மா தொங்கவில்லை. கண் முன்னாலேயே புரண்டு, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, கயிறு மாதிரி ஆகிவிட்டது. திரும்ப நீட்டினாள், திரும்பக் கிட்டே கொண்டுவந்தாள். திரும்பவும் அதே.

"ஏங்க, இது முறுக்கேறிக் கெடக்கு."

"தங்கூசுன்னா அப்படித்தான் இருக்கும்."

"இருக்காது. இப்படி முறுக்கு கூடுன நூலப் போட்டா மெஷின்ல கொக்கி விழுந்து அறுந்துக்கிட்டேதான் இருக்கும். போன வருசம் ஒரு கடைக்காரன் குடுத்தானே, அப்படி. நான் சுத்தும்போது நரம்பு நேராத்தான வந்துச்சு. இது எங்கேருந்து ஏறிச்சு?" என்று யோசித்தாள். பிறகு, "இந்தக் கைப்புடியக் கொஞ்சம் சுத்துங்க, பாப்போம்" என்றாள்.

சுற்றினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எத்தனையோ வருஷமாக நான் சுற்றிக்கொண்டிருக்கிற ரீல்தான். அதை அப்படி உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். கைப்பிடி சுற்றினால் நரம்பு இருக்கிற உருளை சுற்றுவதில்லை. அது மேலும் கீழும் அசைகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கிற கம்பி வளைவுதான் உருளையைச் சுற்றி ஓடி ஓடி நரம்பைக் கட்டுகிறது.

முதலில் அவளுக்குத்தான் பிடிபட்டது. "பாபின் சுத்தும்" என்றாள். "இது சுத்தலையே."

எனக்கும் விளங்கியது. பாபின் தானே சுழன்று நூலை இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் நூல்கண்டும் உருண்டு கொடுக்கும். இரண்டும் உருள்வதால் நூலில் முறுக்கு ஏறாது. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்திருக்கிறோம். இந்த ரீலிலோ உருளை நிற்கிறது, கம்பி அதைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. சுருளை மெஷின் கம்பியில் உருளவிட்டுச் சுற்றினால் அந்த முறுக்கு போக வழியே இல்லை. அத்தனையும் நரம்பிலேயே தங்கிவிடும். சுருளைத் தரையில் படுக்க வைத்து, அதன் தலை வழியாக நரம்பு வளையம் வளையமாகக் கழன்று வருகிற மாதிரி, ரீல் சுற்றுகிற திசைக்குத் தோதாக விட்டிருந்தால் ஒரு முறுக்குக்கு ஒரு முறுக்கு சரியாகப் போயிருக்கும். தையல் தெரியாத ஆளாக இருந்தால் அப்படி ஏனோதானோ என்று தரையில் போட்டுத்தான் சுற்றியிருப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பதவிசாக மெஷினில் மாட்டிச் சுற்ற எங்களைப் போன்ற ஆட்களால்தான் முடியும்.

"அப்ப நீ சுத்துனதுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சுத்துனதுல ஒரு குத்தமும் இல்ல" என்றாள் உடனே. "உங்க ரீலு கோணக்கச் சுத்துது."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு நடக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் அதிகாரப்பூர்வமான நிலைமை அதுதான்.

சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கோளாறு கையில் இல்லை! கையில் இல்லவே இல்லை! திரும்பி வந்துகொண்டிருந்த மாட்டுங்காக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை வீடியோல ஒருத்தனும் இதைச் சொல்லலையே" என்று வருத்தப்பட்டார். பிறகு, "சொல்லியிருப்பான். நான்தான் முன்னாடி வரதையெல்லாம் தள்ளிவிட்டுப் பாப்பேன்" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

முறுக்கை எடுக்க வேண்டுமே. கடல் உள்வாங்கியிருந்ததால் ஈர மணல் நீளமாகக் கிடந்தது. நுனியில் ஈயம், முள் எதுவும் இல்லாமல் வெறும் நரம்பை என் மனைவி பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகி, மணலோரமாக நடந்தாள். நான் ரீலைத் திறந்துவிட்டு நின்றேன். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இந்த அம்மா எதையோ அளக்கிறாள் என்று பார்த்தார்கள். மெல்லிய நரம்பு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெண் விரல் நுனியைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்து போவதும், வெகு தூரத்தில் ஒரு ஆள் கம்போடு அவளையே பார்த்துக்கொண்டு நிற்பதும்தான் தெரிந்திருக்கும்.

கோடியில் போய் நின்று விரலைத் திறந்தாள். "ஐயோ, சுத்துது சுத்துது!" என்று அவள் கத்தினது எனக்கு இங்கே கேட்டது. விட்ட நுனி மணலில் கிடந்து தானாகப் புரண்டு புரண்டு முறுக்கைக் கழற்றியதாம். அப்புறம் ஓடிவந்து, ரீலுக்குப் பக்கத்தில் நரம்பைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் மெல்லச் சுற்றினேன். மிச்ச முறுக்கெல்லாம் அவள் விரலைத் தாண்ட முடியாமல் நுனிப் பக்கமே தள்ளிப் போனது. நடுவில் சிக்கின ஒரு சிப்பியையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்துப் போட்டோம். முடிந்ததும் மறுபடியும் ஒரு முழம் உருவித் தொங்கவிட்டுப் பார்த்தாள். வெறுமனே வளைந்து தொங்கியது.

ஈயம் கட்டினேன். முள் கட்டவில்லை. நின்று கம்பைப் பின்னால் கொண்டுபோனேன். இதுவரைக்கும் அறுந்ததற்கு ஆயிரம் காரணம் இருந்தது. இப்போது அறுந்தால் கை ஒன்றுதான் பாக்கி.

வீசினேன்.

ரீலிலிருந்து நரம்பு சத்தமே இல்லாமல் போனது. சுருள் துள்ளவில்லை. ஈயம் மேலே ஏறி, வெயிலில் மறைந்து, நான் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது மரக்கழிக்கு அந்தப் பக்கம், நன்றாகவே அந்தப் பக்கம், தண்ணீர் தெறித்தது. கையில் நரம்பு இழுத்தது. இருந்தது. அறவில்லை.

"பேஷ்!" என்று மாட்டுங்காக்காரர் குடையைத் தூக்கிக் காட்டினார். நான் இன்னொரு தடவை வீசினேன். அப்புறம் ஆசைக்கு இன்னொன்று. எல்லாம் கழியைத் தாண்டித்தான் விழுந்தன. அந்த நேரத்தில் அரபிக்கடலையே எனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"அப்ப நாளைக்குப் போறிய" என்றாள் என் மனைவி, மீன் பையை எடுத்துக்கொண்டே.

நான் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தேன். "பாப்போம்" என்றேன்.

"என்னத்தப் பாப்போம்?"

"இல்ல... தூண்டி வீசுதது வேற, வெட்டுதது வேற. அது கொஞ்சம் பெரிய வேலை. இன்னும் ஒரு வாரம் போவட்டும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதுக்கு அது என்னவாகக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் நின்று என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"தங்கூசு அறுந்தா போவ மாட்டிய. அறுந்து போவலேன்னாலும் போவ மாட்டிய. அப்புறம் எதுக்கு இந்தப் பரீட்சை?"

ரீலைச் சுற்றுவதை நிறுத்தினேன். நான் இத்தனை ஞாயிறும் பார்த்தது கையையே இல்லை. போகாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. முறுக்கேறின நரம்பு வாராவாரம் தவறாமல் அதைக் கொண்டுவந்து கொடுத்தது. இப்போது அதுவும் போய்விட்டது. கையில் நேரான நரம்பும் முழுசாகப் பயமும் இருந்தன. வெட்கமாக இருந்தது. "ஏளா, பயமா இருக்கு" என்றேன். அத்தனை வாரத்தில் அதைச் சொன்னது அப்போதுதான்.

"இருக்கத்தான் செய்யும்" என்றாள். "அதோடயே போங்க."

திங்கள்கிழமை போனேன். பட்டறையில் எல்லோரும் ரொம்ப மும்முரமாக வேறு வேலை பார்ப்பது மாதிரி இருந்தார்கள். முதலாளி வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தார். போன் தலைகீழாக இருந்தது. துணி அடுக்கி, கோடு போட்டு, தயாராக வைத்திருந்தார்கள். நீல நிறச் சட்டைத் துணி. மெஷினைப் பிடித்தேன். ஸ்விட்சைப் போட்டதும் அதிர்வு மணிக்கட்டுக்குள் இருந்த தகட்டில் போய் இடித்தது. கை நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று நேர்கோட்டில் உள்ளே விட்டேன். வளைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தள்ளாமல், மெஷினைத் தன் போக்கில் போகவிட்டுக் கூடவே போனேன். வெளியே வந்தேன். ஸ்விட்சை அணைத்தேன்.

அடுக்கின் மேல் துண்டையும் அடித் துண்டையும் உருவி ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். வளைவோடு வளைவு பொருந்தியது. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை.

கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"வெட்டிட்டேன்."

மெஷின் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கை வலிக்கா?" என்றாள்.

"வலிக்கு."

"பயம்?"

"அதுவும் இருக்கு."

"சரி, போய் வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். நான் உள்ளே போய் அடுத்த அடுக்கை விரிக்கச் சொன்னேன்.